புதுச்சேரியில் மூன்றாவது கிளாஸுக்கு நான் போட்ட மார்க்

இந்தப் பயணம் சரியாக முடியாது என்று கிளம்புவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள் விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பக்கிரியைக் கேட்டுக்கொள்ளலாம். "பக்கிரி, பாண்டியில பீருக்குத் தீர்ப்பு சொல்லப் போறேன். நான் சொல்லிட்டு வந்தா ஒரு வீட்ல சிரிப்பு இருக்காது பாரு" என்று அன்று காலையிலேயே அவனிடம் சொன்னேன். அவன் "டீ ஆறுது, குடிண்ணே" என்றான். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்பவனுக்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இந்த இணையப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொழில் மோட்டார் காயில் கட்டுவது. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் ஆண்டவன் மூக்கில் கொட்டிக் கொடுத்திருக்கிறான். எரிந்துபோன மோட்டாரைத் திறந்து ஒரு முறை மோந்தால் போதும், எரிந்தது வார்னிஷா, காகிதமா, கம்பியா என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கை வைத்துத்தான் பீரும் விஸ்கியும் ருசி பார்த்து மார்க் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருநூறு வகைக்கு மேல். ஸ்காட்லாந்திலிருந்தே ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். ஆங்கிலம் என்பதால் முழுதும் படிக்கவில்லை, பாராட்டுத்தான்.

என் மார்க் முறை நூற்றுக்கு. வாசனைக்கு நாற்பது, நாக்குக்கு முப்பது, தொண்டையில் இறங்கும் விதத்துக்கு இருபது, மறுநாள் காலைத் தலைக்குப் பத்து (இதை முதலில் உத்தேசமாகப் போட்டுவிட்டு, மறுநாள் சரிபார்ப்பேன்). கடைசிப் பத்து வெளிநாட்டுக்காரர்களிடம் கிடையாது. அதனால்தான் அவர்கள் மார்க் போட்ட சரக்கைக் குடித்துவிட்டு நம் ஆட்கள் மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

போன ஐப்பசியில், இரண்டு மழைக்கு நடுவே வந்த ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். காரணம் என் அக்கா மகன் இளங்கோ. அக்கா குடும்பம் புதுச்சேரியில் கதிர்காமத்தில் இருக்கிறது. மாமா தவறிப் பல வருடம் ஆகிறது. இளங்கோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் குளிர்பானம் அடைக்கும் ஒரு கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவன். அங்கிருந்து, சொந்தமாகப் பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் ஒரு சின்ன மதுக்கூடத்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருடமாக அங்கேயும் பீப்பாய் கழுவல்தான். ஆனால் பார்த்துப் பார்த்துக் காய்ச்சும் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்த இடத்தில் பீர் ஊற்றும் குழாய் ஆறு. ஒன்று காலியாகிவிட்டது. அதில் எந்தப் பீரை ஏற்றலாம் என்று முதலாளி மூன்று வகை காய்ச்சச் சொல்லியிருந்தார். அதில் ஒன்று இளங்கோவே யோசித்துச் செய்தது. அது குழாயில் ஏறினால் அவன்தான் இனிமேல் அங்கே காய்ச்சுகிறவன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஏறாவிட்டால் பழையபடி பிரஷ்ஷும் வாளியும்.

"மாமா, உங்கள பத்தி மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். வெளி ஆளு ஒருத்தர் ருசி பாத்து சொன்னா நல்லதுன்னாரு. வர்றீங்களா?" என்று போன் செய்தான்.

"வராம? எதுடா உன்னுது? வெள்ளையா, கறுப்பா?"

"அத சொல்லமாட்டேன் மாமா. உண்மையா சொல்லணும் நீங்க."

"ஒரு கண்ஜாடையாவது காட்டுடா மாப்ள. நான் பாத்துக்கறேன்."

"வேணாம் மாமா. அப்பறம் அது நல்லா இருக்கா இல்லியான்னு எனக்கே தெரியாம பூடும்."

இந்த வரியை அவன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சின்னப் பையன் பேச்சு என்று நினைத்தேன். வயது அவனுக்கு முப்பத்தொன்று.

சரி, வழி. விருத்தாசலத்திலிருந்து கடலூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலை 6:10 பேருந்து. நெய்வேலி, வடலூர் வழியாக இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடலூரில் இறங்கிப் பாண்டி வண்டி ஏற வேண்டும், 24 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் 85 ரூபாய் வாங்கினார்கள். கடலூரில் வலது பக்க ஜன்னல் கேட்டு உட்காருங்கள். கடல் தெரியும் என்பார்கள், தெரியாது, ஆனால் காற்று வரும்.

அக்கா வீட்டில் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. தீர்ப்புச் சொல்பவன் போட்டியில் இருப்பவன் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது என் கொள்கை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் 900 ரூபாய்க்கு அறை எடுத்தேன். மின்விசிறி சுற்றியது, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், பேரிங் போய்விட்டது. மறுநாள் மாலைக்குள் இந்தக் கொள்கைக்காக என்னை நானே எத்தனை முறை திட்டிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அன்று இரவு கதிர்காமத்தில் சாப்பிடப் போயிருந்தால் அக்கா வாய் சும்மா இருந்திருக்காது. எல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை நாக்கைத் தயார் செய்ய இரண்டு இடத்துக்குப் போனேன். முதலாவது பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன பார். அங்கே ஒரு ஸ்ட்ராங் பீர், 160 ரூபாய். வாசனையில் வெல்லம், நாக்கில் கசப்பு, தொண்டையில் அவசரம். 46 மார்க். நான் மோந்து மோந்து எழுதுவதைப் பார்த்து சப்ளையர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், எக்சைஸ் ஆபீஸரா நீங்க?"

"அதுக்கும் மேல" என்றேன்.

அவ்வளவுதான். அதுவரை தண்ணீராக வந்த சுண்டலில் தேங்காய் விழுந்தது. மேஜையை இரண்டு முறை துடைத்தார்கள். புறப்படும்போது முதலாளியே எழுந்து நின்றார். ருசி பார்க்கப் போகிறவர்கள் கையில் பேனா வைத்திருங்கள், ஆம்லெட் நன்றாக வரும்.

இரண்டாவது, கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே, மாடி பார். அங்கே ஒரு விஸ்கி, முப்பது மில்லி 340 ரூபாய். பெயர் சொல்ல மாட்டேன், பெயரில் குதிரை இருக்கும். முதலில் பச்சைத் தேக்கு வாசனை, பிறகு வாழைப்பழம், கடைசியில் என் கடை வார்னிஷ். 61. மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டதும் வார்னிஷ் போய்விட்டது, 66 ஆக உயர்த்தினேன். விஸ்கியில் ஐஸ் கொட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கிருந்து நடந்தே லாட்ஜுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லாட்ஜிலிருந்து ஆட்டோ 120 ரூபாய், இரண்டரை கிலோமீட்டர்கூட இராது. பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் மஞ்சள் பூசிய பழைய வீடு. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று எஃகுத் தொட்டிகள். பகல் பன்னிரண்டுக்குத்தான் கடை திறப்பார்கள் என்பதால் எங்களைத் தவிர யாரும் இல்லை.

முதலாளி அந்துவான் முசியே. சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். எழுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை.

"போன்ழூர், போன்ழூர்! வாங்க செல்வம். உங்க மருமவன் உங்கள பத்தியே சொல்லிக்கினு கிடக்கிறான். நாலாயிரம் பேரு படிக்கறாங்களாமே?"

"அஞ்சாயிரம் ஆவுது முசியே" என்றேன். உண்மையில் எத்தனை பேர் என்பது இப்போது எதற்கு?

மேஜையில் என்னை உட்காரவைத்தார்கள். முசியே எதிரில். இளங்கோ உள்ளே போய்த் தட்டில் மூன்று கிளாஸ் கொண்டுவந்தான். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் எண். நான் கிளாஸைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். முதல் கிளாஸைச் சாதாரணமாக வலக்கையால் வைத்தான். இரண்டாவதை வைக்கும்போது இடக்கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டது. விபூதி வாங்கும்போது, மொய் கொடுக்கும்போது நாம் தொடுவோமே, அப்படி. மூன்றாவதை மறுபடி ஒற்றைக் கையால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. கண்ஜாடை வேண்டாம் என்றவன் கை சொல்லிவிட்டது. எந்தப் பிள்ளையும் தன் உழைப்பைத் தாய்மாமன் முன்னால் ஒற்றைக் கையால் வைப்பானா? இரண்டாவதுதான் அவனுடையது. இது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக மார்க்கை மாற்றுகிற ஆள் நான் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் மூக்கு சொந்தபந்தம் பார்க்காது.

முதல் கிளாஸ் கறுப்பு. காப்பிக்கொட்டை போட்டது, முன்பு வேலை பார்த்த பெங்களூர்க்காரர் விட்டுப்போன செய்முறை. ஆறிப்போன டிகாக்‌ஷன். 58. இரண்டாவது கலங்கலான மஞ்சள், கோதுமைப் பீர். வாழைப்பழம், கிராம்பு, மேலே நல்ல நுரை. சுமாரைவிடக் கொஞ்சம் மேல் என்று வேறு யாராவது சொல்லக்கூடும். நான் 84 போட்டேன். மூன்றாவது செம்பழுப்பு, களிமண் கரைத்த மழைத் தண்ணீர் நிறம். அதை மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்கு ஈரத்துணி வாடை அடித்தது. அடைமழையில் மூன்று நாள் கொடியில் கிடந்து காயாத லுங்கி இருக்குமே, அதே வாடை. பீரில் இந்த வாடை வந்தால் எங்கோ அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு காணொளியில் வெள்ளைக்காரர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். 31 போட்டேன். கொண்டுவந்து வைத்த மரியாதைக்காகக் கிளாஸைக் குடித்து முடித்தேன்.

"ரெண்டாவதுதான் முசியே. இத ஏத்துங்க, கண்ண மூடிக்கினு ஏத்துங்க. மூணாவதுல ஈரத்துணி வாடை வருது. அத உள்ளயே சேக்காதீங்க."

முசியே புருவத்தைத் தூக்கினார். மூன்றாவது பீரில் தனக்கென்று ஊற்றி வைத்திருந்த கிளாஸை எடுத்து மோந்தார். "ஈரத்துணியா? எனக்கு ஒண்ணும் வரலியே. கிழவன் மூக்கு இது..."

"எடுத்ததும் வராது முசியே. முழுங்கிட்டு மூச்ச வெளிய விடுங்க. பின்னாடி வரும்."

முழுங்கினார். மூச்சு விட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தார். "ஆ... வுவாலா! இருக்குது, இருக்குது. என்னா மூக்குய்யா உங்களுது!"

பிறகு கிளாஸை இளங்கோவிடம் நீட்டினார். அவன் ரொம்ப நேரம் மோந்தான். ஒரு வாய் குடித்தான். மறுபடி மோந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆமா முசியே" என்றான். "இருக்கற மாதிரிதான் இருக்குது."

என் தீர்ப்பில் மகிழ்ந்து முசியே தன் அலமாரியிலிருந்து ஒரு விஸ்கி எடுத்தார். ஸ்காட்லாந்துத் தீவுச் சரக்கு, பன்னிரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது. மூடியைத் திறந்ததும் என் கடையே வந்து நின்றது. எரிந்த காயில், சூடான இரும்பு, மழையில் நனைந்த கரி, அதற்கும் பின்னால் துளி உப்பு. மூன்று ஆம்பியர் அதிகம் போய்ப் புகைந்த நீர்மூழ்கி மோட்டார் என்று எழுதிக்கொண்டேன். 91. இந்தப் பக்கத்தில் நான் போட்டதிலேயே பெரிய மார்க் அதுதான். குடித்த மூவரில் வண்டி ஓட்டும் நிலையில் யாரும் இல்லை என்பதால் இளங்கோ தன் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தான். கதிர்காமத்துக்கு 180 ரூபாய் கேட்டார்கள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன். அவன் அரசு மருத்துவக் கல்லூரியைத் தாண்டும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அக்கா வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு உட்காருவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"டேய் செல்வம், எம்புள்ள பண்ணது எப்படிடா இருந்துச்சி?"

"ஃபஸ்ட்டு கிளாஸ் அக்கா! ரெண்டாவது கிளாஸ எடுத்ததுமே தெரிஞ்சிபோச்சி, இது நம்ம வீட்டுப் புள்ள கைன்னு. எண்பத்திநாலு போட்டுட்டேன். இனிமே அவன்தான் அங்க எல்லாம்."

இளங்கோ தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "ரெண்டாவது முசியேவோடது மாமா. பிரான்சுல அவரு குடிச்ச மாதிரி செய்யச் சொன்னாரு, செஞ்சேன்."

"பின்ன நீ... கைய தொட்டு வெச்சியேடா!"

"மொதலாளியோடது மாமா. அவரு எதிர்லயே ஒக்காந்துக்கினு இருக்காரு, அவரு சரக்க ஒத்தக் கையால வெப்பனா?" சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினான். "மூணாவதுதான் என்னுது."

முதல் வாயில் வந்த மீன் முள்ளை நான் எப்படி முழுங்கினேன் என்று தெரியவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணாவதுக்கு என்னாடா சொன்ன?"

நான் சோற்றைப் பிசைந்தேன். இளங்கோ சொன்னான். "ஈரத்துணி வாடை வருதுன்னாரும்மா. எங்கியோ அழுக்கு சேந்துருக்கு. ரெண்டு நாளா கொழாயெல்லாம் சுடுதண்ணி ஊத்தித்தான் கழுவனேன். எங்கன்னுதான் தெரியல."

சோறு போட வந்த அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஐயோ. நான்தான்டா."

"நீ என்னாம்மா பண்ண?"

"கேவுரு... மாடியில துணி கொடிக்குக் கீழதான் காயவெச்சேன். மழ விட்டு விட்டுப் பேஞ்சிதா, வேற எடம் இல்ல. மேல இவன் லுங்கி, என் பொடவ எல்லாம் சொட்டிக்கினு இருந்துச்சி. அந்த வாடதான் பூந்துகிச்சி."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இளங்கோவின் பீர் கேழ்வரகில் செய்தது. இந்தப் போட்டிக்கு வேண்டிய இரண்டு கிலோவை அக்காதான் முளைகட்டி, காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்துக் கொடுத்திருக்கிறாள். கடையில் கிடைக்கும் மாவில் அந்த மணம் வரவில்லை என்று நாலு முறை தூக்கிக் கொட்டிவிட்டு, அம்மா வறுத்ததில்தான் வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறான்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "ஆமாக்கா, அதான். நான் சொல்லல? கொடி வாட. துல்லியமா அதேதான்" என்றேன்.

இளங்கோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபமே இல்லை. பிரமிப்பு. மாடியில் சொட்டிய தண்ணீரைக்கூட ஒரு கிளாஸ் பீரில் கண்டுபிடித்த மாமா. திங்கட்கிழமையே முசியேவிடமும் சொல்லியிருக்கிறான். முசியே எனக்குப் போன் போட்டு, "ஃபோர்மிதாப்ள்! பிரான்சுலகூட இப்படி மூக்கு நான் பாத்ததில்ல" என்றார். நானும் அதை எங்கள் ஊரில் நாலு பேரிடம் சொன்னேன். பக்கிரி அன்றுதான் முதல்முறையாகக் கடையை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாண்டியிலிருந்து கிளம்பி இரவு வீடு சேர்ந்தேன். மொத்தச் செலவு, ரயில்வே மெத்தை மாதிரியான அந்த லாட்ஜ் மெத்தை உட்பட, 3,400 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. மறுநாள் காலைத் தலைக்கு, வெள்ளிக்கிழமை விஸ்கிக்குப் பத்தில் எட்டு. முசியேவின் விஸ்கிக்குப் பத்தில் பத்து. மூன்றாவது கிளாஸுக்கும் சேர்த்துத்தான், தலைவலி துளிகூட இல்லை.

வாடை போனால் கேழ்வரகை ஏற்றுகிறேன், அதுவரை கோதுமை ஓடட்டும் என்று முசியே சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு இளங்கோ வாரத்துக்கு ஒரு தரம் போன் செய்ய ஆரம்பித்தான்.

"மாமா, அந்த வாட மொதல்ல வந்துச்சா, கடைசியிலயா?"

"நடுவுலடா."

"நாக்குலயும் தெரிஞ்சிதா, மூக்குல மட்டுமா?"

"மூக்குலதான். கொஞ்சம் நாக்குலயும்."

அடுத்த வாரம் ரப்பர் குழாயை மாற்றினான். அதற்கடுத்த வாரம், அம்மா வறுத்தது வேண்டாம் என்று கடையில் பாக்கெட் கேழ்வரகு வாங்கிக் காய்ச்சினான். அது சப்பென்று இருக்கிறதாம். இருந்தாலும் வாடை வந்துவிடுமோ என்று பயந்து திரும்பத் திரும்ப மோந்து பார்க்கிறான், இப்போது எதை மோந்தாலும் ஈரத்துணி வருகிற மாதிரி இருக்கிறது என்றான். அக்கா இட்லிக்கு அரிசி காயவைப்பதைக்கூட நிறுத்திவிட்டாளாம். "என் கையில எதுவும் சுத்தமா வராதுடா" என்று சொல்கிறாளாம். போன செவ்வாய்க்கிழமை, "விட்டுடலாம்னு இருக்கேன் மாமா. எனக்கு மூக்கு சரியில்ல. முசியேவோட கோதுமையே இருக்கட்டும், வர வெள்ளிக்கெழம சொல்லிடப்போறேன்" என்றான். நான் "யோசிச்சி பண்ணு மாப்ள" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல வந்தேன், வாயில் வரவில்லை. எழுதினால் வருகிறது. இளங்கோ இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன். முசியேவுக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும், அவனே படித்துக் காட்டுவான்.

பாண்டியில் ருசி பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு போகாதீர்கள், கூட்டத்தில் கிளாஸைக்கூடச் சரியாகக் கழுவ மாட்டார்கள். லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள், புகை அடிக்கும் விஸ்கியை முதலில் குடித்தால் அன்று முழுக்க வேறு எதுவும் தெரியாது. அன்று காலை தைலம் தடவாதீர்கள், பாக்கு போடாதீர்கள். இரண்டு வகைக்கு நடுவே வெறும் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும், ஊறுகாய் தொட்டால் எல்லாமே ஊறுகாய்தான். திரும்பும்போது பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், கடலூர்ப் பக்கம் இறக்கிச் சோதிப்பார்கள். குடித்த அன்று வண்டியைத் தொடாதீர்கள், ஆட்டோ 180 ரூபாய்தான். ருசி பார்க்கும்போது ஊற்றுகிறவர் கையைப் பார்க்காதீர்கள். சொந்தக்காரர் காய்ச்சியதாக இருந்தால் போகவே போகாதீர்கள். போனாலும், மூக்கில் வந்ததைத் தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். நல்லதைச் சொல்லித் தப்பானால் குடிப்பவன் ஒரு கிளாஸோடு மறந்துவிடுவான். இல்லாத குறையைச் சொன்னால், செய்தவன் அதைத் தேடிக்கொண்டே இருப்பான்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. மேலே எல்லாம் நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன், படிக்கிறவர்கள் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதைத் தவிர. ஆனால் அந்த ஈரத்துணி வாடை நான் இட்டுக்கட்டியது. அப்படி ஒன்று அந்தக் கிளாஸில் இல்லை. இரண்டாவதுதான் இளங்கோவுடையது என்று நினைத்து, அது ஜெயிக்க வேண்டுமே என்பதற்காக மூன்றாவதைத் தள்ளிவிட ஒரு வார்த்தை தேவைப்பட்டது. காணொளியில் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது, எடுத்துப் போட்டேன். அதன் பிறகு அக்கா கொடியைப் பற்றிச் சொன்னபோது, என் மூக்குக்குக் கிடைத்த பேரை விட மனசு வரவில்லை.

இளங்கோ, குழாயைக் கழற்றாதே. உன் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது, அன்று ரொம்ப நேரம் மோந்தும் உனக்கு ஒன்றும் வராதது அங்கே ஒன்றும் இல்லாததால்தான். மூன்றாவது கிளாஸில் எனக்கு வந்தது வறுத்த கேழ்வரகு, கொஞ்சம் கருகிய வெல்லம், அவ்வளவுதான். மரியாதைக்காகக் குடித்து முடித்தேன் என்று எழுதியதும் பொய், வைக்க முடியவில்லை. வாசனைக்கு 37, நாக்குக்கு 28, தொண்டைக்கு 18, மறுநாள் தலைக்கு 10. கூட்டிப் பார், முசியேவின் ஸ்காட்லாந்து விஸ்கிக்கு மேல் வருகிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதை அவருக்குப் படித்துக் காட்டு. அதற்கும் முன்னால் அக்காவுக்குப் படி, கேவுரை மாடியில் அதே இடத்திலேயே காயவைக்கச் சொல்.